மேடையில் உன் பெயர்

அன்பு மகளே,

நான் நடிக்கும் நாடகம் பிராட்வே அரங்கில் இன்னும் ஓடுகிறது. ஓடாதது என் முழங்கால்தான். சினிமாவில் கதாநாயகியாக இருந்தவளுக்கு இப்போது மேடையில் அம்மா வேடம்.

கடைசிக் காட்சியில் மகள் கோபித்துக்கொண்டு வெளியேறுவாள். நான் கூப்பிடுவேன், அவள் திரும்பாமலே போய்விட வேண்டும். நேற்று, வெகுநாளாகச் சொல்லாத உன் பெயர் வாயில் வந்துவிட்டது. மகளாக நடிக்கும் டெலியா திடுக்கிட்டுத் திரும்பிவிட்டாள். எது பிசகினாலும் ஆட்டம் நிற்கக் கூடாதே! "என்னம்மா?" என்று சமாளித்தாள்.

அதற்கு எனக்கு வசனமே இல்லை. "வெளிய குளுருதுடி, ஸ்வெட்டர மாட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

திரை விழுந்ததும் மேடை மேலாளர் ஹோவர்ட் கத்தினார்: "யாரு மேடம் அது? நாளைக்காவது சரியான பேரச் சொல்லுங்க!"

இன்று சரியாகவே சொல்வேன். அவள் திரும்ப மாட்டாள்.

உன்
அம்மா