உப்பளத்துத் தண்ணீர் தின்ற இஞ்சின்

தூத்துக்குடி,
புதன்கிழமை

அன்பு மகன் ஜெயகணேஷுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருப்பாய். நலமில்லாதவன் நம் டிரைவர் இசக்கிராஜா ஒருவன்தான். வலது கை முழங்கைவரை தோல் உரிந்து, சோற்றை இடது கையால் அள்ளித் தின்கிறான். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிவரை படி.

போன வாரம் திருச்செந்தூரில் இருந்து திரும்பும்போது ஆத்தூர் தாண்டியதும் அம்பாசிடரில் சூட்டு முள் ஏறியது. இசக்கிராஜா உடனே ஓரங்கட்டினான். அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரத்துணியைப் போட்டுத்தான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டான், அப்படியும் கொதிதண்ணீர் பீறிட்டுக் கையில் அடித்தது. கேனில் இருந்த நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு, இனி ஓட்டக்கூடாது அண்ணாச்சி, ஆட்டோ பிடிச்சுப் போங்க என்றான். அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை, மெதுவாக ஓட்டு என்று வெந்த கைக்காரனிடம் சொன்னவன் நான். அந்தக் குற்றம் என்னுடையது. பழையகாயல் வருமுன் சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது.

நீ குடும்ப குரூப்பில் என்ன எழுதினாய்? தண்ணி பாக்காம ஓட்டுனவனுக்குக் கை வெந்தாத்தான் புத்தி வரும் என்று எழுதினாய். அதோடு விடாமல் உன் மாமனார் செந்தூர்பாண்டிக்குப் போன் செய்து, ஒன்றாம் தேதி அவருடைய துறைமுக லாரியில் வேலைக்குச் சேர இருந்தவனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாய். அவரும் நிறுத்திவிட்டார்.

மெக்கானிக் டேவிட்சன் இஞ்சினைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். பழைய வண்டி இப்படிச் சாவதற்கு ஆயில் குறைந்தது, பெல்ட் அறுந்தது, ஹோஸ் வெடித்தது என்று நாலைந்து காரணந்தான் உண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். பிறகு தண்ணீர் ஓடும் வழியில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, உப்புல்லா அண்ணாச்சி, அளத்துத் தண்ணிய எவன் ஊத்துனான் என்று கேட்டார். உப்பு ரேடியேட்டர் குழாயை அடைத்து, ஹெட் கேஸ்கெட்டை அரித்து, தண்ணீர் ஆயிலில் கலந்து பால் காப்பி மாதிரி ஆகியிருந்தது. அதில் பேரிங் தேய்ந்து, கனெக்டிங் ராடு இஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இசக்கிராஜாவைத் தவிர வண்டியை எடுத்தவன் நீ ஒருவன்தான், அதனால் உன் சிநேகிதன் சிவப்பிரகாஷிடம் கேட்டேன். மே மாதம் நீ லீவில் வந்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் முள்ளக்காட்டு உப்பளத்தில் போட்டோ எடுக்கப் போயிருக்கிறீர்கள், வண்டி கொதித்திருக்கிறது. நாந்தான் வாளி பிடிச்சேன் சித்தப்பா, உப்புத் தண்ணி வேண்டாம்லேன்னேன், ஏலே கண்ணாடி கணக்கால்லா வருது, ஊத்துலேன்னுட்டான் என்கிறான். உப்பளத்து மோட்டார் இறைப்பது குடிதண்ணீர் இல்லை என்று இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே ஊற்றிவிட்டு, விமானம் ஏறும்வரை வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இசக்கிராஜா அன்றே அலசி விட்டிருப்பான். உன்னைப் பெற்றதற்கு வெட்கமாக இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன்.

இன்று உன் மாமனாரைப் பார்த்தேன். தப்பு டிரைவருடையது இல்லை என்று மட்டும் சொன்னேன், யாருடையது என்று சொல்லவில்லை. வேண்டாம்னவரு மருமவன், வேணும்னு அவரே சொல்லட்டும் என்றார். சனிக்கிழமை சாயங்காலம்வரை வேறு ஆள் போடமாட்டார். என்ன ஊற்றினாய் என்பதையும் சேர்த்து நீயே அவரிடம் சொல். இசக்கிராஜாவிடமும் பேசு. அவன் போனை எடுக்கமாட்டான், எடுக்கும்வரை அடி.

முருகன் உனக்கு நோய்நொடி இல்லாத ஆயுளைத் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, பெத்தவ நானே சொல்லுதேன் என்கிறாள் அம்மா. சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

இப்படிக்கு உன் அப்பா,
ஆ. சுயம்புலிங்கம்