எட்டு மில்லிமீட்டர்

பிப்ரவரி 4

பட்டறைக்காரிக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பதினொரு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. அம்மா எடுத்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடுகிறாள். என்னைப் பெற்றவளே உன் கட்சியில் சேர்ந்துகொண்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். வண்டி சரியில்லை. நேர்ப்பாதையில் வேகம் எடுத்தால் ஹேண்டில்பார் உதறுகிறது. பிரேக் பிடிக்கிற இடத்தில் மண் வரிசை வரிசையாகக் குழி விழுந்திருந்தால், பின்பக்கம் துள்ளி என்னை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப் பார்க்கிறது. இந்த அணியின் மெக்கானிக் நல்ல மனிதர். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துப் பூட்டுவார். ஸ்பிரிங், ஃபோர்க், சஸ்பென்ஷன் என்றால் மட்டும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்.

போன வருடம் நான் விழுந்து தோள் எலும்பு முறிந்தபோது, எல்லோர் முன்னாலும் "அவ செட்டிங்தான் என்னைத் தள்ளிச்சு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு உனக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வீட்டைவிட்டு இந்த ஊருக்குக் கிளம்பி வந்தேன். உன்னிடம் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் பத்தாம் தேதிப் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வராவிட்டால் இந்த அணியும் என்னை அனுப்பிவிடும். நீ கடைசியாகப் பூட்டிக் கொடுத்த பிறகு வண்டியில் ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை.

தவளை


பிப்ரவரி 11

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தை அதை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். 'கட்சி' என்ற இடத்தில் மட்டும் சிரித்தார்கள். முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது உங்களைத் திட்டிக்கொண்டே ஏறுவதால் வலி தெரிவதில்லையாம்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கத் தெரியாது, சொல்கிறேன். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்ன மறுநாளே உங்கள் பழைய அணியின் முதலாளி என் கையிலிருந்த ஆறு பந்தய வண்டிகளையும் திருப்பி எடுத்துக்கொண்டார். 'அவள் பூட்டினால் விழுவாய்' என்று பேச்சு பரவியது. இன்றுவரை ஒரு பந்தய ஃபோர்க்கூட என் மேஜைக்கு வரவில்லை. ஸ்கூட்டர் ஷாக்கில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருவர் தள்ளுவண்டி கொண்டுவந்து, இதற்கும் ஸ்பிரிங் போட முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

இப்போது வேலை. பின்பக்க மட்கார்டில் நான் வைத்த மஞ்சள் புள்ளி இருக்கும். அங்கிருந்து பின்சக்கர அச்சு வரை மூன்று முறை அளக்க வேண்டும். முதலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. அடுத்து வண்டி தரையில் தனியாக நிற்கும்போது. கடைசியாக, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு நீங்கள் வண்டிமேல் இருக்கும்போது. உங்களை நீங்களே அளக்க முடியாது. யாரையாவது பிடித்து அளக்கச் சொல்லுங்கள்.

திருகைத் தொடவில்லை என்று எழுதியதையும் படித்தேன்.

பட்டறை


பிப்ரவரி 19

பட்டறைக்காரிக்கு,

'வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்பதைப் பார்த்ததும் கடிதத்தை மூடிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே படித்தேன்.

அளந்தாயிற்று. தொங்கும்போது 610. தனியாக நின்றால் 575. நான் ஏறினால் 513. அளந்தவர் எங்கள் மெஸ் சமையல்காரர். அவரைத் தவிர எல்லோரும் டிராக்கில் இருந்தார்கள். மூன்று முறை அளந்து, மூன்றையும் மாவு ஒட்டிய விரலால் சுவரிலேயே எழுதிவைத்துவிட்டார். எனக்கும் அவருக்கும் கொஞ்சம் மனக்கசப்பு. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன் என்று குறை. அளந்து முடித்ததும் "இந்த வண்டிக்கு உங்க பாரமே தெரியல தம்பி" என்றார். அது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. முன் ஃபோர்க்கை இறுக்கினால் உதறல் நின்றுவிடும் என்கிறார் மெக்கானிக். எல்லாப் பந்தயத்திலும் எனக்கு முன்னால் போகிற புயல் அப்படித்தான் வைத்திருக்கிறாராம். நீ என்ன சொல்கிறாய்?

தவளை


பிப்ரவரி 26

தவளைக்கு,

சமையல்காரர் சரியாகத்தான் சொன்னார். அவரைக் கேட்டிருந்தால் எனக்கு எழுதியே இருக்க வேண்டாம்.

வண்டி தன் பாரத்தில் 35 இறங்குகிறது. போன வருடமும் 35தான். அப்படியானால் ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது, அதை இறுக்கிப் பிடிக்கிற வளையமும் நகரவில்லை. நீ ஏறினால் 105 இறங்க வேண்டும். இப்போது 97தான் இறங்குகிறது. எட்டு மில்லிமீட்டர் குறைகிறது. மாறியது வண்டியில்லை, நீதான். என் கணக்குப்படி ஏழெட்டுக் கிலோ இளைத்திருக்கிறாய். அதனால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன்பக்கம் குத்திட்டு நிற்கிறது, ஹேண்டில்பார் உதறுகிறது. இதற்கு எதற்கு மெக்கானிக்?

மெல்லிய ஸ்பிரிங் அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். ஆள் பழையபடி ஆனால் போதும். ஒழுங்காகச் சாப்பிடு. இதை எழுதும்போது அத்தை பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் துடைக்கவில்லை, என் கையில் கிரீஸ் இருந்தது.

ஃபோர்க்கை இறுக்காதே. எத்தனை முறை சொல்வது, புயல் ஓட்டுவது வேறு, நீ ஓட்டுவது வேறு. அவர் எழுந்து நின்று, நெஞ்சை ஹேண்டில்பாருக்கு மேல் நீட்டி, கடைசி நொடியில் பிரேக்கை மிதிக்கிறவர். பெரிய மேட்டிலிருந்து தொப்பென்று விழுகிறவர். அந்த அடியைத் தாங்க முன்பக்கம் கல் மாதிரி இருக்க வேண்டும். நீ அப்படியா? வளைவு வருவதற்கு வெகு முன்பே சீட்டில் பதுங்கி உட்கார்ந்து, நைசாக நுழைந்து, யாரும் பார்ப்பதற்குள் வெளியே போய்விடுவாய். உனக்குத் தவளை என்று பெயர் வந்ததே அந்தப் பதுங்கலால்தான். உன் வண்டியின் முன்பக்கம் மெதுவாக அமிழ்ந்து, டயர் மண்ணைக் கவ்வ வேண்டும். அதற்குத்தான் ஃபோர்க்கின் திருகை முழுக்க மூடிய நிலையிலிருந்து பதினாலு கிளிக் திறந்து வைத்தேன். கிளிக் குறையக் குறைய முன்பக்கம் இறுகும். புயல் ஏழில் வைத்திருப்பார். ஏழில் நீ ஓட்டினால் முன்பக்கம் அமிழாது. வளைவில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும், நீ இடது தோளில் விழுவாய்.

சொல்ல வேறு ஏதாவது இருந்தால் எழுது. எழுத்தில் நான் குறுக்கே பேச மாட்டேன்.

பட்டறை


மார்ச் 15

101. சமையல்காரருக்கு ஏக சந்தோஷம், சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார். உதறல் பாதி குறைந்துவிட்டது. சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். கொஞ்சம் பொறு.

தவளை


மார்ச் 20

இன்னும் நாலு மில்லி. பொறுத்துத்தான் இருக்கிறேன்.


ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

நேற்றுப் பந்தயத்தில் நாலாவதாக வந்தேன். அணியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நீ பிப்ரவரியில் எழுதியதில் 'இடது தோளில் விழுவாய்' என்ற இடத்தில் நின்றவன்தான், அப்புறம் நகரவே இல்லை. போன வருடம் நான் விழுந்தது அப்படியேதான். பந்தயத்துக்கு முன்னால் புயலின் வண்டியில் எத்தனை கிளிக் என்று தெரிந்துகொண்டு, நீ டயருக்குக் காற்று பார்க்கப் போன நேரத்தில், பதினாலை ஏழாக்கினேன். அவரை மாதிரி ஓட்டினால் அவரைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வளைவிலேயே மண்ணைக் கவ்வினேன். எல்லோரும் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, என் வாயிலிருந்து முதலில் வந்தது உன் பெயர்தான். வலியில் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வலியில் இல்லை, வெட்கத்தில் சொன்னேன். அப்புறம் நீ பேசாமல் இருந்தாய். அந்த மௌனத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடிவந்தேன். உண்மையைச் சொல்லாதவனுக்குச் சோறும் இறங்கவில்லை. அந்த எட்டு மில்லி அதுதான்.

உனக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியது. பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் எல்லோரையும் நிறுத்தி விதிமுறை சொல்வார்களே, அங்கே கையைத் தூக்கினேன். கொடி பற்றிச் சந்தேகமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "போன வருஷம் நான் விழுந்தது என் மனைவி செட்டிங்கால இல்ல. அவளுக்குத் தெரியாம நானே திருகிட்டு, பழிய அவ மேல போட்டேன்" என்றேன். பழைய முதலாளி முன்வரிசையில் நின்றார். "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். புயல் மட்டும் என் பக்கத்தில் வந்து, "என் செட்டிங்கையா போட்ட? அதுல நானே பயந்து பயந்துதான்யா ஓட்டுறேன்" என்றார்.

உன்னை வீட்டுக்கு வரச் சொல்லவோ, நான் வரட்டுமா என்று கேட்கவோ வாய் வரவில்லை. மன்னித்துவிடு. நேற்று காலை அளந்தபோது 104.

உன்
தவளை


ஏப்ரல் 18

தவளைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே முதலாளி வந்துவிட்டார். இரண்டு பந்தய ஃபோர்க்கைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றார். ஒரு ஸ்கூட்டர் வேலை பாக்கி இருந்ததால், அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். முக்கால் மணி நேரம் நின்றார். அத்தைதான் மனம் கேட்காமல் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

இனி நான் சொல்வதைக் கேள். விழுந்த வண்டியை அன்று பட்டறைக்குக் கொண்டுவந்தார்களே, எந்த ஃபோர்க்கைப் பிரிப்பதற்கு முன்னாலும் நான் முதலில் என்ன செய்வேன்? கிளிக்கை எண்ணி நோட்டில் எழுதுவேன். அன்றும் எண்ணினேன். ஏழு. மறுபடி மூடித் திறந்து எண்ணினேன். ஏழுதான். தேதி போட்டு எழுதிவைத்துவிட்டு, பதினாலுக்குத் திருப்பி வைத்தேன்.

ஆமாம், முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போயிருக்கலாம். அத்தைகூடப் போகச் சொன்னார்கள். போயிருந்தால் என் வேலை திரும்பக் கிடைத்திருக்கும், ஆனால் உன்னை நான் பிடித்துக் கொடுத்ததாக ஆகியிருக்கும். நீயாக வந்து சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்று நான் அழுதது உனக்குத் தெரியாது. இந்தப் பதினாலு மாதமும் உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, பாதிதான் போயிருக்கிறது. மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

கையைத் தூக்கியது நல்ல காரியம். அதை நான் பார்க்காமல் போனதுதான் குறை. நேரில் நான் கேட்டால் எனக்கும் அதேபோல் திரும்பச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அத்தையும் நானும் காலை பஸ்ஸில் வருகிறோம். சமையல்காரரிடம் இரண்டு பேருக்குச் சேர்த்து வைக்கச் சொல், அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். 104 என்று எழுதியிருக்கிறாய். மாவுக் கையால் எடுத்த அளவை நான் நம்புவதாக இல்லை. பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக இரு. டேப்பை நானே கொண்டுவருகிறேன்.

பட்டறைக்காரி