மைதானத்தில் சொல்லக்கூடாத சொல்

சூலூர்,
வெள்ளிக்கிழமை இரவு

பெருமதிப்பிற்குரிய அன்புக்கரசி மேடம் அவர்களுக்கு,

சாய்ப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. மணி பன்னிரண்டரை. இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், கையெழுத்தும் கோணல்தான். நீங்கள் போன் எடுப்பதில்லை. மெல்பர்னில் இருக்கும் உங்கள் மகனின் வாட்ஸப் எண்ணை உங்கள் தங்கையிடம் வாங்கினேன், இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகள் ஷ்ரவ்யா நன்றாக இருக்கிறாள். பக்கத்தில்தான் தூங்குகிறாள். நாலைந்து தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் போனதிலிருந்து சாயங்கால வில் பயிற்சியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஷ்ரவ்யாவை வீட்டில் விட ஆளில்லை. அம்பு எய்பவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் பாயில் உட்கார வைப்பேன். மூன்று விசில் அடித்தால் அம்பு எடுக்கப் போகலாம் என்று அவளுக்கும் தெரியும். நாலு வயதில் அது ஒரு பெருமை.

இன்றைக்கு விசில் அடித்தது நானில்லை மேடம். வேலிக்கு அந்தப் பக்கம் திருப்பூர் பஸ் கண்டக்டர். சரியாக மூன்று முறை ஊதினார். என் பெண் எழுந்து ஓடிவிட்டாள். லாஸ்யா நாணை முழுக்க இழுத்து, கண்ணை இலக்கில் வைத்து நிற்கிறாள். குழந்தை இன்னும் நாலு எட்டு வைத்தால் அம்பு போகும் வழி.

வேலியோரம் நின்ற லாஸ்யாவின் அப்பா சீனிவாசலு, "ஐயோ, உடு கண்ணு, உட்டுப்போடு!" என்று கத்தினார். எய்யாதே, விட்டுவிடு என்றுதான் சொன்னார், பாவம். நாணை இழுத்து நிற்பவளுக்கு 'உடு' என்றால் என்ன அர்த்தம்? அம்பை எய் என்றுதானே? என் நாக்கு நுனியிலும் அதுதான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது "எறக்கு!" உங்கள் குரல் மாதிரியே வந்தது. லாஸ்யா நாணை விடாமல் மெல்ல இறக்கினாள்.

சீனிவாசலு உட்கார்ந்து அழுதுவிட்டார். "அது ஊட்டுப் பேச்சுங்கப்பா. இங்க எறக்குன்னாத்தான் கேப்போம்" என்றாள் லாஸ்யா. பிறகு என்னிடம், "அக்கா, அந்தக் கண்டக்டரை மைதானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட உடலாமுங்களா?" என்றாள். 'உட' என்று அவளே சொல்லிவிட்டதால் மற்ற பிள்ளைகள் அவளை ஓட வைத்தார்கள். மைதானத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு ரவுண்டு என்ற உங்கள் தண்டனையை யாரும் மறக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதில் மூன்று மாதம் அம்பே தராமல் இழு, எறக்கு, இழு, எறக்கு என்று வாட்டினீர்கள். கோபிசெட்டிபாளையம் போட்டியில் கடைசி அம்பை எய்யாமல் இறக்கி, நேரம் போய், மெடலை விட்டேன். நீங்களோ "நல்லா எறக்குனே அம்மணி" என்று கோலி சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். இரண்டு வாரம் உங்களோடு நான் பேசவில்லை.

மெல்பர்னுக்குக் கிளம்பும்போது, "இருபத்தெட்டு வருசம், ஒரு நேஷனல் மெடலு இல்ல. வெட்டியா நின்னுபோட்டேன் கண்ணு" என்றீர்கள். அதற்குப் பதில் இதோ, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறது.

குழந்தையைக் கோட்டருகே உட்கார வைத்தது என் தப்பு. திட்டுங்கள். விசிலை நிறுத்திவிட்டு மணி கட்டலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் சொல்லாமல் மாற்றத் தைரியமில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள். போனிலாவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள் மேடம்.

உங்கள் மாணவி,
சாய்ப்ரியா