ரம்ஸியா சொன்ன உம்மா

அன்பு உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கட முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? வாப்பா கண்ணுக்கு மருந்து விடுறாரா? அல்லாஹ்ட கிருபையால நான் தோஹாவில சுகமா இருக்கிறேன்.

ஒரு சின்னக் கதை, யோசிச்சுக் கவலைப்படாதீங்க. எங்கட நூலகத்தில கணினி வேலை செய்றவங்கட மாநாடு ஒன்டு நடந்திச்சு. எல்லார்ட பேச்சையும் வீடியோ எடுத்து இணையத்தில போடுறது என்ட வேலை. சிக்னல் குறைஞ்ச ஊர்லயும் நிக்காம ஓடுற மாதிரி வீடியோவைச் சின்னதாக்க நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தேன். என்ட அறையில இருக்கிற புத்தளத்து ரம்ஸியாக்கிட்ட சோறு தின்னக்குள்ள எல்லாத்தையும் சொன்னேன். நான்தானே அவளுக்கு இங்க வேலை எடுத்துக் குடுத்தது.

அவள் மேடையில ஏறி அதைத் தன்ட வேலை என்டு பேசினாள். நான் கமராவுக்குப் பின்னால நின்டு எடுத்தேன். அதையும் பொறுத்திருப்பேன் உம்மா. "எத்தாளையில என்ட உம்மா வெங்காயப் பாத்திக்குப் போய் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சாத்தான் சிக்னல் வரும்" என்டாளே! அது நம்மட ஊர், நம்மட பாத்தி, ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறது நீங்க! அவள்ட உம்மா புத்தளம் டவுன்ல வைஃபையோட இருக்கிறாங்க. சபையே கை தட்டிச்சு.

லீவில ஊருக்கு வந்த ஃபைஸல் காக்கா இங்க திரும்பி வரக்குள்ள கருவாடு குடுத்து விடுங்க. இந்த முறை ஒராளுக்கு அளவா இருந்தாக் காணும். உங்கட குரலையும் பதிஞ்சு அனுப்புங்க, சும்மா ஏதாவது கதைச்சாப் போதும்.

வேலைக்குக் கூப்பிடுறாங்க. அந்த வீடியோவையும் நான்தான் ஏத்தினேன். உங்கட ஃபோன்ல நிக்காம ஓடும். அவள் "என்ட உம்மா" என்டு சொல்ற இடத்தில மட்டும் நீங்க நிப்பாட்டிடுங்க.

உங்கட மகள்,
ஸிஹாரா