கம்பியில்லாக் கோபம்

மார்ச் 4, செவ்வாய்

முட்டி வலி பரவாயில்லை. மனசுதான் சரியில்லை. என் மனைவி தொடர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "மூளை இருக்கறவங்க இதையெல்லாம் பாப்பாங்களா?" என்று கேட்டது தப்புதான். அதற்காக, "அப்ப உங்க மூளையைத் தூக்கிக்கிட்டு உள்ரூமுக்குப் போங்க" என்பதா? முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவனிடம்! போய்விட்டேன், தலையணையோடு. அவளாக வந்து கூப்பிடும்வரை கூடத்தில் கால் வைப்பதில்லை.

மார்ச் 6

உள்ரூமில் பழைய டி.வி. இருக்கிறது. கேபிள் பெட்டியோ கூடத்தில். சுவரைத் துளைத்து ஒயர் இழுக்க விடமாட்டாள். கேட்கலாமென்றால் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு 'டொக்' என்று வந்து உட்காருகிறது.

மார்ச் 8

ஒயரே வேண்டாமாம்! கடையில் இரண்டு குட்டிப் பெட்டிகள் கொடுத்தார்கள். ஒன்றைக் கூடத்துக் கேபிள் பெட்டியில் செருகினால் அது படத்தை அனுப்பும், என் டி.வி.யில் இருப்பது வாங்கிக்கொள்ளும். செருகுவதற்குக் கூடத்துக்குப் போனேன். அது வேலை, சேர்த்தியில்லை.

படம் வந்தது. பளிச்சென்று வந்தது. அவளுடைய தொடர்!

மகளுக்கு போன் போட்டேன். "அப்பா, கேபிள் பெட்டி ஒண்ணுதானே? அம்மா என்ன பாக்கறாங்களோ அதுதான் உங்களுக்கும் வரும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு வழியில்லாமல் முழுத் தொடரையும் பார்த்தேன். அந்த மருமகள் பாவம்.

மார்ச் 9

இங்கிருந்து கேபிள் பெட்டியின் பழைய ரிமோட்டை அழுத்தினால், குட்டிப் பெட்டி அதையும் கூடத்துக்குக் கொண்டுபோகிறது! மருமகள் கடிதத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்துச் செய்திக்கு மாற்றினேன். கூடத்தில் "ஐயையோ!" காது குளிர்ந்தது.

மார்ச் 10

ரிமோட் வேலை செய்யவில்லை. கூடத்துக் குட்டிப் பெட்டியில் ரிமோட் சைகையை அனுப்பும் கண்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். என் முட்டிக்கு வாங்கியது.

மார்ச் 13

கால்பந்து இறுதி ஆட்டம். நல்ல வேளை, அவளுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஆனால் என் ரூமுக்குப் படம் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்கிறது. இங்கே பந்து காலில் இருக்கும்போதே அங்கே "கோல்!" என்று கத்துகிறாள். இப்படி ஆட்டம் பார்ப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

கடைசி நிமிடத்தில் மறுபடி "கோல்!" துள்ளி எழுந்தேன், முட்டி போனது. பந்து கம்பத்துக்கு வெளியே! வேண்டுமென்றே பொய்யாகக் கத்தியிருக்கிறாள்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கத்திவிட்டேன். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

"மூளை இருக்கறவங்க இதையெல்லாம் நம்புவாங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கேட்டிருக்குமோ?

மார்ச் 15

தொடரில் ஒரு அசட்டு மாமா வருகிறார். கூடத்தில் அவள் சிரிக்கிறாள். ஒரு நொடி கழித்து இங்கே நான் சிரிக்கிறேன். தனியாக. நன்றாகவே இல்லை.

அவள் கூப்பிடப் போவதில்லை. தெரிந்துவிட்டது. நானாகப் போய் நின்றால் என் மானம் என்னாவது?

மார்ச் 16

"மெஷின் கெட்டுப்போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்படியா?" என்றாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அந்தக் கடுதாசில என்னதான் எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் மாத்தித் தொலைச்சீங்களே!"

மார்ச் 17

காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் குட்டிப் பெட்டியின் பிளக் இருந்தது. துவைக்க எடுத்த என் சட்டைப் பாக்கெட்டில் கிடைத்ததாம்.

"பத்திரமா வச்சுக்கங்க" என்றாள். "அடுத்த சண்டைக்கு ஆகும்."