ரீனா பேசும்போது யாரும் குறுக்கிடவில்லை

ஜூலை 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சர்ச் முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் டேப் ரெக்கார்டர், பிரியாணி சட்டிக்குப் பக்கத்தில். பதிவு செய்ய எல்லாரிடமும் முன்பே கேட்டாகிவிட்டது. மாமா, என் மாமனார், முதலில் ரேடியோ செய்தி வாசிப்பவர் போல் பேசினார். கறித்துண்டு வந்ததும் மறந்துபோனார்.

என் ஆராய்ச்சி ஒரே வரியில்: இந்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது சண்டை இல்லை, நெருக்கம். கைடு மேடம் நம்பவில்லை. நம்புவார்.

வாங்க வேண்டியது: பேட்டரி, ரூல்டு பேப்பர், அத்தைக்குத் தைலம்.

ஜூலை 10, செவ்வாய்

டேப் கேட்டு எழுதுகிறேன். ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழையும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. பக்கமெல்லாம் சிவப்பு. மாமா சொல்வது சரிதான்: "மைன்ஸ்ல மெஷின் சத்தத்துல பேசிப் பேசி இப்டி ஆயிட்டோம்மா." கோலார் தங்கவயலை விட்டு பெங்களூர் காக்ஸ் டவுன் வந்து இத்தனை வருடம், குரல் மட்டும் இறங்கவில்லை.

நாத்தனார் ரீனா பேசும் இடத்தில் மட்டும் சிவப்பே இல்லை. "மரியாதை கொடுத்துக் கேட்கிறார்கள்" என்று ஓரத்தில் எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

ரீனா: மைசூர் ஸ்கூல்ல வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு.
(மௌனம்)
அத்தை: தயிர்ப்பச்சடி யாருக்கு?

அதையே மூன்று முறை சொல்கிறாள். மூன்று முறையும் மௌனம், பிறகு வேறு பேச்சு. மரியாதையாம், மண்ணாங்கட்டி! எழுதியதை அடித்தேன்.

ஜூலை 12, வியாழன்

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "நோடம்மா, இங்க பாரு, இதுதான் உன் சேப்டர். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுப் போடு."

சாயங்காலம் ரீனாவுக்கு டேப்பைப் போட்டுக் காட்டினேன். அவளே ரீவைண்ட் செய்து இன்னொரு தரம் கேட்டாள்.

"நான் சரியா சொல்லலைன்னு நெனச்சேன் அண்ணி. நல்லாதானே சொல்லியிருக்கேன்?"

"நல்லா தெளிவா சொல்லியிருக்க."

திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. கோபம் கோபமாக வந்தது எனக்கு. அவளுக்கு வரவில்லை. சேப்டரில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஜூலை 15, ஞாயிறு

வெயில். மீன் குழம்பு. டேப் வைக்கவில்லை.

ரீனா ஆரம்பித்தாள். "மைசூர் ஸ்கூல்ல..." முடிக்க விடாமல் நான் நுழைந்தேன்: "எந்த பஸ்ஸு? எங்க தங்குற?" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அத்தை: "ஹாஸ்டல்ல இன்னா சோறு போடுவான்?" என் வீட்டுக்காரர்: "சம்பளம் எவ்ளோடி?" மாமா தட்டைத் தள்ளினார். "யாரக் கேட்டு அப்ளிகேஷன் போட்ட? கல்யாணம் பேசற நேரத்துல இன்னா..."

"நாளைக்குக் காத்தால கௌம்புறேன்பா" என்றாள் ரீனா, அவர் பேச்சைப் பாதியில் வெட்டி.