அப்பா பறிக்க மறுத்த திராட்சை

அன்புள்ள அப்பா,

உங்கள் ஆசி வேண்டி மரிசெலா எழுதுவது. முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

நீங்கள் வேலைநிறுத்தம் செய்யும் தோட்டத்துத் திராட்சையை இங்கே கல்லூரி உணவுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளான எங்கள் சிக்கானோ மாணவர் சங்கத்தார் பதினொரு பேரும் வாசலை மறித்து உட்கார்ந்தோம்.

"எழுந்திரு. இல்லேன்னா கல்லூரியை விட்டே அனுப்பிடுவேன்," என்றார் முதல்வர்.

"எங்கப்பா பறிக்க மாட்டேன்னு சொன்ன பழம் சார் இது. இதைத் தின்னுட்டு நான் என்ன படிச்சுக் கிழிக்கப்போறேன்?" என்றேன்.

மூன்றாம் நாள் பெட்டிகள் திரும்பிப் போயின. எதிர்த்துப் பேசியதற்காக எனக்கு மட்டும் இரண்டு வாரம் வகுப்பில்லை. கவலைப்படாதீர்கள், நன்றாகத் தூங்குகிறேன்.

அம்மாவிடம் கொஞ்சம் காய்ந்த மிளகாய் அனுப்பச் சொல்லுங்கள். விடுதிச் சாப்பாட்டில் உறைப்பில்லை; என் அறையில் நம் மொழி பேசவும் ஆளில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி முதல்வர் ஒரு தாள் கொடுத்தார். அதில்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இடம் தீர்ந்துவிட்டது.

உங்கள் மரிசெலா